கோர்னோ-படாக்ஷான்: பாமிர் மலையில் இருக்கும் இந்தத் தன்னாட்சி மாகாணம் பற்றித் தெரிந்தவர்கள் வாருங்கள்

வரைபடப்பித்தன்:
தஜிகிஸ்தான் வரைபடத்தைப் பார்த்தால் நாட்டின் கிழக்குப் பக்கம் முழுக்கத் தனி நிறத்தில் இருக்கும். அதுதான் கோர்னோ-படாக்ஷான் தன்னாட்சி மாகாணம். ஏறக்குறைய 64,000 சதுர கிலோமீட்டர், நாட்டின் பரப்பில் 45 சதவீதம். ஆனால் ஒரு கோடி மக்கள் இருக்கிற நாட்டில் அங்கே வசிப்பவர்கள் இரண்டு லட்சத்துச் சொச்சம்தான். மேற்கிலும் தெற்கிலும் ஆப்கானிஸ்தான், கிழக்கில் சீனா, வடக்கில் கிர்கிஸ்தான். 1925ல் சோவியத் ஆட்சி இதற்குத் தன்னாட்சி கொடுத்தது, இன்றைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு குறைவான மக்களுக்கு ஏன் தனி அந்தஸ்து? என் கணிப்பு, மலைதான் காரணம். 7,000 மீட்டர் சிகரங்களுக்கு நடுவே இருப்பவர்களை வேறு எப்படி ஆள முடியும்? யாராவது விளக்கினால் நல்லது.

துஷான்பே டாக்டர்:
நான் மருத்துவம் படித்தது தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயில். இப்போது நம் பிள்ளைகள் நிறைய பேர் அங்கே படிக்கிறார்கள், உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். என் வகுப்பில் கோரோக்கிலிருந்து வந்த ஒரு தோழி இருந்தாள், அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அதனால் நிலத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

பித்தன் அண்ணா, "மலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அது உண்மையில் இரண்டு வேறு உலகம். மேற்குப் பாமிர் என்பது ஆழமான பள்ளத்தாக்குகள். பாஞ்ச் ஆறு கீழே சீறிக்கொண்டு ஓடும், இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. பக்கத்து ஓடைகள் வந்து சேருமிடத்தில் கொஞ்சம் மண் ஒதுங்கியிருக்கும், ஊர் அங்கேதான். பாறையைக் குடைந்தும் மரத்தொட்டி வைத்தும் வாய்க்கால் கொண்டுவந்து கோதுமை, பார்லி, உருளைக்கிழங்கு போடுவார்கள். ஆப்ரிகாட், மல்பெரி மரங்கள் எங்கே பார்த்தாலும். மல்பெரியைக் காயவைத்து மாவாக இடித்து வைத்துக்கொள்வார்கள், பஞ்ச காலத்தில் அதுதான் உயிர் காத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோரோக் 2,000 மீட்டருக்குச் சற்று மேலே, குந்த் ஆறு பாஞ்சில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. முப்பதாயிரம் பேர் இருக்கும் சின்ன ஊர்தான், ஆனால் அதுதான் மாகாணத்தின் தலைநகர்.

கிழக்குப் பாமிர் நேர் எதிர். மரமே கிடையாது. 3,600 மீட்டருக்கு மேலே அகண்ட மேட்டுநிலம், ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாது, குளிர்காலத்தில் மைனஸ் 40க்கும் கீழே போகும். மாகாணத்தின் பாதி நிலத்துக்கு மேல் முர்காப் என்ற அந்த ஒரே மாவட்டம். மக்கள் சுமார் 15,000 பேர், பெரும்பாலும் கிர்கிஸ்கள், யாக்கும் ஆடும் மேய்ப்பவர்கள். மேற்கே இருக்கிற பாமிரிகளுக்கும் இவர்களுக்கும் மொழி வேறு, மதப்பிரிவு வேறு (பாமிரிகள் பெரும்பாலும் ஷியா வழியில் வந்த இஸ்மாயிலிகள், கிர்கிஸ்கள் சுன்னி), வீடு வேறு. ஒரே மாகாணம் என்பது நிர்வாகக் கணக்குக்காக.

சைக்கிள்_சாமி:
டாக்டர் சொன்ன கிழக்குப் பக்கத்தை நான் சைக்கிளில் கடந்திருக்கிறேன். எம்41 என்கிற பாமிர் நெடுஞ்சாலை. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து கோரோக் வரைக்கும் 1930களின் தொடக்கத்தில் சோவியத் ராணுவத் தேவைக்காகப் போட்டது. அக்-பைத்தால் கணவாய் 4,655 மீட்டர், அங்கே மூச்சு வாங்குவதற்கே பாதி நாள் போய்விடும். காராகுல் ஏரி ஒரு விண்கல் விழுந்து உண்டான பள்ளம், கரையில் உப்பு பூத்த மண், ஒரு கிராமம், அவ்வளவுதான்.

முர்காப்பில் என்னைப் பாதித்த விஷயம் அடுப்பு. சோவியத் காலத்தில் நிலக்கரி லாரியில் வந்தது. 1991க்குப் பிறகு நின்றுபோனது. எரிக்க மரம் இல்லை. தெரெஸ்கென் என்று ஒரு குட்டைப் புதர், அதை வேரோடு பிடுங்கி எரிக்கிறார்கள். அது வளர்வதற்குப் பல்லாண்டு ஆகும், பிடுங்கப் பிடுங்க மேய்ச்சல் நிலம் பாலைவனமாகிறது. ஊரைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு வெறும் தரை. தப்பு என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் மைனஸ் 40ல் அதற்கு என்ன செய்வது.

பழையபேட்டை முருகன்:
சாப்பாடு பற்றி யாரும் பேசமாட்டீர்களா? 😀

துஷான்பே டாக்டர்:
ஷீர்ச்சாய். தேநீரில் பால், உப்பு, வெண்ணெய் போட்டு, அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துச் சாப்பிடுவது. காலையில் அதுதான். முதல் நாள் பிடிக்காது, பழகினால் விடமாட்டீர்கள். சைவமாக இருந்தால் கிழக்கே ரொம்பச் சிரமம், சொல்லிவிட்டேன்.

கல்வெட்டு:
பித்தன் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். மலை காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. மலை எப்போதும் இருந்தது, இந்த எல்லை நேற்று வந்தது.

பாஞ்ச் ஆற்றின் இரு கரையிலும் ஒரே மக்கள்தான் இருந்தார்கள். ஷுக்னான், ருஷான், வாகான், தர்வாஸ் என்று சின்னச் சின்னச் சிற்றரசுகள், ஒவ்வொன்றுக்கும் ஆற்றின் இரு பக்கமும் ஊர்கள். 1873ல் பிரிட்டிஷாரும் ரஷ்யர்களும் லண்டனிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் உட்கார்ந்துகொண்டு ஆற்றையே எல்லையாக வைத்துக்கொள்வோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 1895ல் எல்லைக் கமிஷன் வந்து சோர்குல் ஏரியிலிருந்து சீன எல்லை வரைக்கும் மிச்சக் கோட்டையும் போட்டது. ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் நேரடியாக உரசிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடுவே ஒரு ஒல்லியான துண்டு ஆப்கான் அமீரிடம் தள்ளப்பட்டது, அதுதான் வாகான் தாழ்வாரம், சுமார் 350 கிலோமீட்டர் நீளம். அமீருக்கே அதில் பெரிய விருப்பம் இல்லை. வலது கரை ஷுக்னானும் ருஷானும் ரஷ்யாவுக்கு அடங்கியிருந்த புகாரா அமீரகத்துக்குப் போயின, அதற்கு ஈடாகத் தர்வாஸின் இடது கரை ஆப்கானிஸ்தானுக்கு.

ஆக, ஒவ்வொரு சிற்றரசும் நடுவில் பிளந்தது. 1930கள் வரை ஆட்கள் ஆற்றைத் தாண்டிக்கொண்டுதான் இருந்தார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள். அப்புறம் சோவியத் காவல் இறுகிய பிறகுதான் அக்கரை வேறு நாடாக ஆனது. இன்றைக்குக் கோரோக் பக்கம் நின்றால் எதிர்க்கரையில் ஆப்கான் கிராமத்து ஆள் கழுதை ஓட்டிப் போவது தெரியும், சில இடங்களில் கூப்பிட்டால் காது கேட்கும்.

வரைபடப்பித்தன்:
கல்வெட்டு ஐயா, ஆற்றை எல்லையாக வைப்பது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம்தானே? இயற்கையாகவே பிரிக்கிற ஒன்றைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள்.

கல்வெட்டு:
மலைநாட்டில் ஆறு பிரிக்காது, சேர்க்கும். பிரிப்பது மலைமுகடு. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிற இரண்டு கரையும் ஒரே ஊர்த்தொகுதி. அதைக் கோடாகப் போட்டவர்கள் கையில் வைத்திருந்தது வரைபடம் மட்டும். அந்தக் கூட்டத்தில் இப்போது நீங்களும் சேர்ந்துகொள்ளாதீர்கள் 🙂

மொழிக்கிறுக்கி:
இங்கே நான் புகுந்தே ஆக வேண்டும். பாமிர் மொழிகள் தஜிக் மொழியின் வட்டார வழக்குகள் அல்ல. தஜிக், பாரசீகத்தின் ஒரு வடிவம், மேற்கு ஈரானியக் கிளை. ஷுக்னி, ருஷானி, பர்தாங்கி, யஸ்குலாமி, இஷ்காஷிமி, வாகி எல்லாம் கிழக்கு ஈரானியக் கிளை. துஷான்பேக்காரருக்கு ஷுக்னி புரியாது. வாகிக்காரருக்கும் ஷுக்னிக்காரருக்கும்கூட ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, அதனால் இடையில் தஜிக்கில் பேசிக்கொள்வார்கள்.

வாகி பேசுகிறவர்கள் இன்று நான்கு நாடுகளில் இருக்கிறார்கள்: தஜிகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானில் ஹுன்சாவுக்கு மேலே கோஜால், சீனாவில் தாஷ்குர்கான் பக்கம். ஷுக்னிக்கு நெருங்கிய உறவான சரிகோலி சீனாவுக்குள்ளேயே பேசப்படுகிறது. 1930களில் ஷுக்னிக்கு லத்தீன் எழுத்தில் பாடநூல்கள் அச்சிட்டார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதையும் நிறுத்திவிட்டார்கள். பள்ளியில் தஜிக், மேலே போக ரஷ்யன், வீட்டில் தாய்மொழி. இவ்வளவு மொழி இருக்கிற மாகாணத்தில் அரசு அலுவலகத்தில் எந்தப் பாமிர் மொழிக்கும் இடம் இல்லை என்பதுதான் எனக்குத் தன்னாட்சி பற்றிய சந்தேகமே.

ஒரு திருத்தம், மாகாணத்தில் எல்லாரும் பாமிரிகள் இல்லை. வடமேற்கே தர்வாஸ், வாஞ்ச் பகுதிகளில் தஜிக் பேசும் சுன்னி முஸ்லிம்கள். யஸ்குலாம் பள்ளத்தாக்கு இன்னும் சுவாரசியம், மொழி பாமிர் மொழி, மதப்பிரிவு சுன்னி. தனித்தனி டப்பாவில் போட முடியாத ஆட்கள்.

செங்கோடன்:
தன்னாட்சியா? காகிதத்தில். அரசியலமைப்பில் தனி அத்தியாயமே இருக்கிறது, மாகாண மன்றத்தின் சம்மதம் இல்லாமல் எல்லையை மாற்றக் கூடாது என்றுகூட எழுதியிருக்கிறது. ஆனால் மாகாணத் தலைவரை நியமிப்பது துஷான்பேயில் இருக்கும் ஜனாதிபதி. வரவு செலவு அங்கிருந்து. போலீஸ், பாதுகாப்புப் படை அங்கிருந்து. 2011ல் முர்காப் பக்கம் ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டரைச் சீனாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, சாமான்யர்கள் யாரையாவது கேட்டார்களா?

அப்புறம் வரிசையாகப் பாருங்கள். 2012 ஜூலையில் பாதுகாப்புத் துறை ஜெனரல் ஒருவர் கோரோக் அருகே குத்திக் கொல்லப்பட்டார், மூன்று நாளில் ராணுவம் ஊருக்குள் இறங்கியது. 2021 நவம்பரில் ஓர் இளைஞர் பாதுகாப்புப் படையால் கொல்லப்பட்டார், ஆயிரக்கணக்கானோர் சதுக்கத்தில் கூடினார்கள், உடனே மாகாணம் முழுக்க இணையம் துண்டிக்கப்பட்டது, மாதக்கணக்கில் திரும்ப வரவில்லை. 2022 மே மாதம் ருஷானில் சாலையை மறித்தவர்கள் மேல் பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை என்ற பெயரில் துப்பாக்கிச் சூடு. இறந்தவர்கள் டஜன்கணக்கில் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. அதற்குப் பிறகு வழக்கறிஞர், பத்திரிகையாளர், ஊர்ப் பெரியவர் என்று பிடித்து நீண்ட சிறைத்தண்டனை.

நடுநிலை நாராயணன்:
செங்கோடன், ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். ஆப்கானிஸ்தானோடு இவ்வளவு நீளமான எல்லை, அபின் போகிற பாதை. 1992ல் தொடங்கிய தஜிகிஸ்தான் உள்நாட்டுப் போரில் ஆயுதம் தூக்கிய தளபதிகள் 1997 சமாதானத்துக்குப் பிறகும் தெருவுக்குத் தெரு செல்வாக்கோடு இருந்தார்கள். எந்த அரசும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா?

துஷான்பே டாக்டர்:
நாராயணன் சார், நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தத் தளபதிகள் இருந்தார்கள், அவர்கள் புனிதர்கள் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் ஏன் அவர்களைச் சுற்றி நின்றார்கள் என்றும் கேளுங்கள். 1992 டிசம்பரில் துஷான்பே தெருக்களில் அடையாள அட்டையில் பிறந்த இடம் பார்த்துப் பாமிரிகளைக் கொன்றார்கள். ஒரு தலைமுறைக்கே அது மறக்கவில்லை. என் தோழியின் அப்பா அப்போது தலைநகரில் ஆசிரியர், குடும்பத்தோடு கோரோக்குக்கு ஓடியவர். அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் மலைக்குத் திரும்பினார்கள். சாலை அடைபட்டது.

அங்கே தானே விளைவித்து முழு மாகாணமும் சாப்பிட முடியாது, அதுதான் முக்கியம். சோவியத் காலத்தில் எல்லைப் பகுதி என்பதால் மாஸ்கோ நேரடியாகப் பொருள் அனுப்பியது, மற்ற இடங்களில் கிடைக்காத சாமான்கூட அங்கே கடையில் இருக்குமாம். மாவு, எரிபொருள், எல்லாமே வெளியிலிருந்து. அது நின்ற அதே வருஷங்களில் போர். 1993லிருந்து இஸ்மாயிலிகளின் மதத்தலைவரான ஆகா கானின் அறக்கட்டளை ஓஷ் வழியாக மலைச்சாலையில் லாரி லாரியாக மாவு கொண்டுவந்தது. அது வராமல் போயிருந்தால் பஞ்சச் சாவு என்று அங்கே எல்லா வீட்டிலும் சொல்வார்கள். 1995 மே மாதம் ஆகா கான் நேரில் வந்தபோது ஆற்றின் அக்கரையிலும் ஆப்கான் இஸ்மாயிலிகள் கூடி நின்றார்கள். ஆயுதத்தைக் கீழே போடுங்கள், படியுங்கள் என்றுதான் அவர் சொன்னதாக இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

கல்வெட்டு:
டாக்டர் சொன்னதற்குக் கொஞ்சம் பின்னணி. இஸ்மாயிலிப் பிரிவு அங்கே வந்தது 11ஆம் நூற்றாண்டில், நாசிர் குஸ்ரவ் என்ற கவிஞர்-அறிஞர் மூலம் என்பது மரபு. அவர் கடைசிக் காலத்தைக் கழித்த யும்கான் இப்போது ஆப்கான் பக்கம். பாமிர் வீட்டுக்குள் ஐந்து தூண் இருக்கும், முகமது, அலி, பாத்திமா, ஹசன், ஹுசைன் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். கூரையில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சதுரம் அடுக்கிய வெளிச்சத் துவாரம், அது மண், நீர், காற்று, நெருப்பு என்கிறார்கள். வீட்டின் அமைப்பு இஸ்லாத்துக்கு முந்தியது, பெயர்கள் பிறகு ஏறியவை என்பது பலர் கருத்து. வாகான் பக்கம் விராங் என்ற கிராமத்தில் பௌத்த ஸ்தூபியின் மிச்சம் இன்னும் மேட்டில் நிற்கிறது, அதையும் பாருங்கள்.

செங்கோடன்:
அதே ஆகா கான் நிறுவனங்களைத்தான் 2022க்குப் பிறகு அரசு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தது. கோரோக்கில் அவர்கள் நடத்திய பள்ளி அரசுடைமை ஆனது. பட்டினியில் சோறு போட்டவர்கள், மின்சாரம் கொடுத்தவர்கள்.

சைக்கிள்_சாமி:
மின்சாரம் பற்றி ஒரு வரி. 2002ல் தொடங்கிய பாமிர் எனர்ஜி என்ற கூட்டு நிறுவனம் குந்த் ஆற்றில் இருந்த நீர்மின் நிலையங்களைச் சீர் செய்தது. தஜிகிஸ்தானின் மற்ற பகுதிகள் குளிர்காலத்தில் மின்வெட்டில் தவிக்கும்போது கோரோக்கில் விளக்கு எரிந்தது. ஆற்றைத் தாண்டி ஆப்கான் கிராமங்களுக்கும் கம்பி இழுத்தார்கள். 1873ல் போட்ட கோட்டை மறுபடி தாண்டியது என்னவோ ஒரு மின்கம்பிதான்.

இன்னொன்று பாலங்கள். 2002ல் கோரோக்கில், பிறகு தர்வாஸ், இஷ்காஷிம், வாஞ்ச் என்று நான்கு இடத்தில் பாலம் கட்டினார்கள். இஷ்காஷிமில் ஆற்று நடுவே இருக்கிற திட்டில் சனிக்கிழமைச் சந்தை நடக்கும், இரண்டு நாட்டுக்காரர்களும் விசா இல்லாமல் வந்து வாங்கி விற்பார்கள். நான் போன பருவத்தில் நடந்துகொண்டிருந்தது. தேயிலை, துணி, பிளாஸ்டிக் வாளி, அதைவிட முக்கியமாக அக்கரைச் சொந்தக்காரனைப் பார்க்க வந்தவர்கள். கொரோனாவும் தாலிபான் வருகையும் சேர்ந்து அதைக் கெடுத்தன.

பழையபேட்டை முருகன்:
வாகானுக்குத் தெற்கே நம் வரைபடத்தில் ஆப்கானிஸ்தானோடு 106 கிலோமீட்டர் எல்லை இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை?

மட்டுறுத்துநர்:
அது பாகிஸ்தான் வசம் இருக்க, இந்தியா தன்னுடையது என்று சொல்கிற கில்கித்-பால்டிஸ்தான் விவகாரம். தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

வரைபடப்பித்தன்:
சரி, எல்லை பற்றிக் கல்வெட்டு சொன்னது கனமான வாதம். இருந்தாலும் மலையை நான் விடமாட்டேன். சரெஸ் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 பிப்ரவரியில் நிலநடுக்கம், ஒரு மலையே சரிந்து முர்காப் ஆற்றை அடைத்தது. உசோய் கிராமம் மண்ணுக்கடியில், மேலே சரெஸ் கிராமம் தண்ணீருக்கடியில். அந்த இயற்கை அணை 500 மீட்டருக்கு மேல் உயரம், உலகத்திலேயே உயரமானது. பின்னால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. இதை எந்த ராஜாவும் வரைபடத்தில் போடவில்லையே.

துஷான்பே டாக்டர்:
அதன் கீழே இருக்கிற பர்தாங் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் எச்சரிக்கைக் கருவி வைத்திருக்கிறார்கள். மணி அடித்தால் மேட்டுக்கு ஓட வேண்டும், எந்த மேடு என்று குழந்தைகளுக்கும் தெரியும். அணை உடையுமா உடையாதா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், பர்தாங்காரர்கள் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் பித்தன் அண்ணா, அந்தப் பள்ளத்தாக்கைப் பெரிய அளவில் காலி செய்தது ஏரி இல்லை. சோவியத் அரசு. பருத்திக்கு ஆள் வேண்டும் என்று மலைக் குடும்பங்களை வக்ஷ் சமவெளிக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். 40 டிகிரி வெயில், மலேரியா, பலர் செத்தார்கள். அவர்கள் வாரிசுகள்தான் பிறகு 1992ல் அந்தச் சமவெளியிலும் துரத்தப்பட்டவர்களில் அடக்கம். இன்றைக்குக் காலி செய்வது ரஷ்யா. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பையனாவது மாஸ்கோவில் கட்டட வேலையில் இருப்பான், அவன் அனுப்பும் பணத்தில்தான் வீட்டில் மாவு வாங்குகிறார்கள். என் தோழிகூட இப்போது கோரோக்கில் மருத்துவராக இல்லை, அவளைப் படிக்கவைத்த மாகாணத்தில் குழந்தை மருத்துவருக்கு ஆள் இல்லை.

மொழிக்கிறுக்கி:
முர்காப் கிர்கிஸ்கள் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அவர்களின் சொந்தக்காரர்கள் வாகான் தாழ்வாரத்தின் கிழக்கு முனையில் எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். 1978ல் காபூலில் ஆட்சி மாறியதும் ரஹ்மான் குல் என்ற தலைவர் ஒரு பெரும் கூட்டத்தைப் பாகிஸ்தானுக்கு அழைத்துப் போனார். அங்கே வெயில் தாங்காமல் 1982ல் துருக்கி அவர்களை ஏற்றுக்கொண்டு வான் மாகாணத்தில் குடியமர்த்தியது. மற்றவர்கள் திரும்ப வாகானுக்கே போய்விட்டார்கள். செங்கோடனும் கல்வெட்டும் சொல்கிற எல்லை அரசியலை இந்த ஒரு கூட்டத்தின் கதையிலேயே பார்த்துவிடலாம்.

நடுநிலை நாராயணன்:
எனக்கு இன்னும் உடன்பாடு இல்லாதது ஒன்றுதான். எல்லையை அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல இங்கே பேசுகிறீர்கள். அக்கரையில் இருந்த ஷுக்னிக்காரனுக்குப் பள்ளி, மருத்துவமனை, சாலை எதுவும் பல பத்தாண்டுகளாகக் கிடைக்கவில்லை. இக்கரையில் சோவியத் ஆட்சி எல்லாருக்கும் எழுத்தறிவு கொடுத்தது, பெண்கள் பேராசிரியர் ஆனார்கள். அந்தக் கோடு சிலருக்கு லாபமும்தான்.

கல்வெட்டு:
அதை மறுக்கவில்லை. அந்த லாபத்துக்கு விலையாக அவன் கொடுத்தது அக்கரையில் இருந்த சொந்த அண்ணன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், கணக்கு முழுதாகும்.

புதியவன்_மதுரை:
இழையை முழுக்கப் படித்தேன், நல்ல விவாதம். எனக்கு நடைமுறைக் கேள்வி. அங்கே போகத் தனி அனுமதி வேண்டுமா? எந்த மாதம் நல்லது?

சைக்கிள்_சாமி:
வேண்டும். மின்விசா விண்ணப்பிக்கும்போதே மாகாண அனுமதிக்கும் சேர்த்துப் பணம் கட்டலாம், மறந்துவிட்டால் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை நல்லது. துஷான்பேயிலிருந்து கோரோக்குப் பகிர்வு ஜீப்பில் ஒரு முழுநாள், சாலை சரிந்திருந்தால் அதற்கும் மேலே. விமானத்தை நம்பாதீர்கள், பள்ளத்தாக்கில் மேகம் வந்தால் கிளம்பாது. கிளம்பும் முன் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள், 2022ல் பலர் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள்.

துஷான்பே டாக்டர்:
வீட்டில் தங்கினால் அரசியல் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் போன பிறகு அவர்களிடம் வந்து கேட்பார்கள். மற்றபடி தைரியமாகப் போய் வாருங்கள், வயிற்றுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், நேராக 3,600 மீட்டருக்கு ஏறாமல் கோரோக்கில் இரண்டு இரவு தங்கிவிட்டுப் போங்கள்.